ஒரே பொத்தான்

நேற்று நிலவில் தோண்டிய குழியை இன்று காணவில்லை.

திட்ட அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மண்ணை அள்ளிப் பூமிக்கு அனுப்பப் போயிருக்கும் எந்திரம் எடுத்த படம்தான். குழி இருந்த இடத்தில் மண் மட்டமாகக் கிடந்தது. அதன்மேல் வாருகோல் இழுத்த கோடுகள்.

படம் மாறி வந்திருக்கும் என்று நினைத்தாள். பக்கத்துக் கட்டடத்தின் ஒத்திகைக் கூடத்தில் அதே மாதிரி இன்னோர் எந்திரம் மணலில் நிற்கிறது. அது கிளறிய மணலை வாரி மட்டமாக்குவது அவள் கணவனின் வேலை. ஆனால் இந்தப் படத்தில் கூரை இல்லை, விளக்கில்லை. கறுத்த வானம்தான் இருந்தது.

கூடத்தில் செய்து பார்த்த பிறகே கட்டளை நிலவுக்குப் போகவேண்டும். வாரக்கணக்கில் தூங்காத உடம்புக்கு விதியாவது ஒன்றாவது! சில நாட்களாக ஒரே பொத்தானில் இரண்டுக்கும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தாள். இன்றும் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ‘தோண்டு’ என்று அனுப்பியாயிற்று. எந்திரங்களின் இரும்புக் கை சூடேறி அசையச் சற்று நேரமாகும்.

கணவனை அழைத்தாள். அந்தப் பக்கம் வாருகோல் சர்ரக், சர்ரக்கென்று சோம்பலாக மணலை இழுக்கும் சத்தம் கேட்டது.

“என்னங்க, மணல்லயா நிக்கறீங்க?”

“பின்னே? உன் செல்லப் பொம்மை கிண்டிப் போடறத நான்தானே வாரணும். முதுகு விட்டுப்போச்சு. வீட்டுக்குப் போலாமா?”

அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அவ்வளவு களைப்பு.

“போலாம். முதல்ல வெளிய வாங்க. கை அசையப்போகுது.”

வாருகோல் சத்தம் நின்றது.

“ஏம்மா, லைட்டை அணைச்சியா?”

“இல்லையே.”

“கூரையே தெரியல. மேல கன்னங்கரேல்னு இருக்கு. கீழ மட்டும் கண்ணு கூசுது...”

அதோடு பேச்சு நின்றது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கூடத்துக் கேமராவைத் திறந்தாள். எந்திரம் தனியாக நின்றது. மணலில் யாரும் இல்லை.

‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கூடத்து எந்திரத்தின் கை அசையாமல் நின்றது. நிலவிலிருந்து பதில் இல்லை.

அடுத்த படம் வரத் தொடங்கியது. மேலிருந்து கீழாக, வரி வரியாக.

கறுத்த வானம்.

சாம்பல் மண்.

நீலச் சட்டை.

ஒருக்களித்துக் கிடந்தான். காதோடு கைபேசி. வாய் திறந்திருந்தது. கண்கள் அவளையே பார்த்தன.

அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே, அவள் சொன்னபடியே, இரும்புக் கை இறங்கிக்கொண்டிருந்தது.