சம்பந்தி வீட்டுச் சாப்பாடு

"என் பொண்ணுக்கு அவ மாமியா சோத்துல எதையோ கலந்து குடுக்குதுங்க, மேடம்."

உட்காருவதற்கு முன்பே சவரி இதைச் சொல்லிவிட்டார். பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவிப் பழகிய தொண்டை அவருடையது. அரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியிலிருந்த அந்தச் சின்ன அலுவலகமே அதிர்ந்தது. எழிலரசி பதறவில்லை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டை விசாரித்துச் சொல்வதுதான் அவளுடைய தொழில். கல்யாணம் முடிந்த பிறகு இப்படி வருகிறவர்கள் குறைவு.

"அனிஷாவ பாப்பிரெட்டிப்பட்டியில குடுத்திருக்கேன். போனதுலேருந்து தலவலி, கண்ணெரிச்சல், இருமல். எங்க வூட்டுக்கு வந்தா சரியாவுது, திரும்பப் போனா மறுபடியும் வருது. முழுகாம வேற இருக்கா. ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றாரு. வர ஞாயித்துக்கெழம கூட்டியாந்துருவேங்க. அப்புறம் அனுப்ப மாட்டேன்!"

அடுத்த மேஜையிலிருந்து கலைவாணன் எழுந்து வந்தார். ஐம்பது வயது, கல்யாண வீடியோ எடுப்பவர். அந்த அலுவலகத்தில் பாதி வாடகை அவருடையது. துப்புத் துலக்கும் ஆசை மட்டும் முழுக்க அவருடையது.

"மாமியார்தான் மேடம். சந்தேகமே வேணாம்" என்றார் படி இறங்கும்போதே.

பாப்பிரெட்டிப்பட்டியில் அனிஷாவின் மாமியார் மதலேனம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். சவரி டம்ளரைத் தள்ளி வைத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அத்தையும் நானும் ஒரே சட்டியில ஆக்குனதத்தான் சாப்புடறோங்க" என்றாள் அனிஷா இருமலுக்கு நடுவே.

"சட்டி ஒண்ணு, தட்டு வேற!" என்று கலைவாணன் எழிலரசியின் காதில் கிசுகிசுத்தார்.

"ராத்திரி என்னிக்காவது நல்லாத் தூங்குனியாம்மா?" என்று கேட்டாள் எழிலரசி.

அனிஷா யோசித்தாள். "கரன்ட் போற அன்னிக்கு. அத்தையும் நானும் சாப்ட்டுட்டு மொட்டமாடில படுத்துக்குவோம். அன்னிக்கு இருமலே வராதுங்க."

எழிலரசி அவளுடைய அறையைப் பார்க்க விரும்பினாள். ரோஜா நிறத்தில் புது பெயின்ட். கட்டில்மேல் கடையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத மெத்தை. ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது பெரிய அலமாரி. அதன் ஓரத்தில் மெல்லிய கோடாக வெயில் தெரிந்தது.

"எல்லாம் நான் குடுத்த சீருங்க. சேலத்துல எடுத்தது" என்று சவரி அலமாரிக் கதவுகளை விரியத் திறந்து காட்டினார். அவருடைய கண்கள் கலங்கி, கன்னத்தில் நீர் வழிந்தது.

"பெத்த மனசு" என்று உருகிப்போனார் கலைவாணன்.

எழிலரசி எல்லோரையும் ஹாலுக்கு அழைத்தாள். வெளியூர் போகும் இரவு பஸ் ஓட்டிவிட்டு அங்கேயே பாயில் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஆண்டோவும் எழுந்து உட்கார்ந்தான்.

"மாடியில படுத்த அன்னிக்கும் அனிஷா சாப்பிட்டது மாமியார் சமைச்சதுதான். சாப்பாடு மாறல, படுக்குற எடம்தான் மாறியிருக்கு. ஆண்டோ தெனமும் ஹால்ல தூங்குறாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல. அதனால கோளாறு சட்டியில இல்ல, அந்த அறையில இருக்கு."

"அதுல என்னங்க இருக்கு? எல்லாமே புதுசு!" என்று சவரி சீறினார்.

"இப்ப உள்ள ஏன் அழுதீங்க?"

"நானா? நான் எங்கங்க அழுதேன்? அலமாரியத் தொறந்தேன், கண்ணு எரிஞ்சிது..." சவரி பாதியில் நிறுத்தினார். கலைவாணனின் முகம் தொங்கிப்போனது.

"அந்த அலமாரி மரத்தூளப் பசை போட்டு அழுத்துன பலகைங்க. அந்தப் பசையோட ஆவி மாசக்கணக்குல வந்துட்டே இருக்கும். புது பெயின்ட் வாடையும் பிளாஸ்டிக் வாடையும் அதோட சேந்துக்குது. ஜன்னல் தொறந்திருந்தா கொஞ்சமாவது வெளிய போயிருக்கும்."

"அந்த அறைக்கு ஜன்னலே இல்லீங்களே!" என்றார் சவரி.

"இருக்கு. அலமாரிக்குப் பின்னாடி."

எல்லோரும் மதலேனம்மாளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தச் செவுத்துலதான் அது புடிச்சிது. சம்பந்தி வூட்டுச் சீர நாம எப்பிடி நவுத்தச் சொல்றது? மெத்த உறையக் கிழிக்கக்கூட பயமா இருந்துச்சு, தப்பா எடுத்துக்குவாங்களேன்னு."

சவரிக்கு மனசு இறங்கவில்லை. "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

"பாருங்க. அதுவரைக்கும் அனிஷா ஹால்ல படுக்கட்டும். சாப்பாடு மாமியார் கையால மட்டும். கோளாறு சோத்துலயா, அறையிலயான்னு தெரிஞ்சிரும். டாக்டர்கிட்டயும் அறையப் பத்திச் சொல்லிருங்க."

"நான் இங்கயே இருக்கேம்ப்பா" என்றாள் அனிஷா. அப்பாவின் பேச்சை அவள் மறுத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் சவரி காரோடு வந்து இறங்கினார். எழிலரசியும் கலைவாணனும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். அனிஷா வாசலுக்கு ஓடிவந்தாள். கண்ணில் சிவப்பு இல்லை, பேச்சில் இருமல் இல்லை. சவரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "மாப்ள, அந்தப் பக்கம் புடிங்க" என்றார்.

அலமாரி கொல்லைக் கொட்டகைக்குப் போனது. மெத்தை உறை கிழிந்தது. ஜன்னலின் துருப்பிடித்த கொக்கியைத் தட்டித் திறந்ததும் சித்தேரி மலைக் காற்று அறைக்குள் வந்தது. அலமாரிக்குப் பதிலாக இரும்பு பீரோ வாங்கித் தருவதாகச் சவரி சொன்னார். வாடை போகும்வரை ஹாலிலேயே படுக்க வேண்டும், அடுத்த முறை சுவருக்குச் சுண்ணாம்புதான் என்று அனிஷா முடிவுசெய்தாள்.

"குற்றவாளியே இல்லாத கேஸ்" என்று கலைவாணன் முணுமுணுத்தார்.

மதலேனம்மாள் ராகிக் களியும் கோழிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சவரியின் தட்டை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். அவர் அதை வாங்கிக் குனிந்து சாப்பிட்டார். தட்டு காலியானதும் நீட்டினார்.

"இன்னொரு உருண்ட போடுங்க, சம்பந்தியம்மா."