சூட்டில் கறுக்கும் கண்ணாடி

"அய்யோ...!"

துப்புரவுப் பெண்ணின் அலறல் ஆய்வுக்கூடத்தையே உலுக்கியது.

புரொபசர் மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்து, ரத்தம் கண்ணாடித் தகடுகளின் மேல் காய்ந்து கறுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிணத்தைவிட, பக்கத்தில் நின்றவனைப் பார்த்துத்தான் அவருக்கு அதிகமாகக் குமட்டியது.

இறந்தவரின் மச்சினன். இங்கேயே விஞ்ஞானி.

"பாடியை எப்ப எடுப்பீங்க சார்? இந்த மேஜை எனக்கு வேணும். மதியம் பேட்டன்ட் ஆளுங்க வர்றாங்க!"

"செத்தது உங்க அக்கா புருஷன் சார்!"

"அதுக்கு? வேலை நிக்குமா?"

சீ! இவனெல்லாம் ஒரு மனுஷன்!

டாக்டர் நிமிர்ந்தார். "உடம்பு இன்னும் சூடா இருக்கு. செத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது."

அந்த ஒரு மணி நேரத்தில், துப்புரவுப் பெண் வரும்வரை, கட்டடத்தில் இருந்தவள் ஆராய்ச்சி மாணவி மட்டும்!

"இவதான் சார்!" மச்சினன் பாய்ந்தான். "இந்தக் கண்ணாடிக்குப் போடற புதுப் பூச்சு தன் கண்டுபிடிப்புன்னு அத்தான்கூட மல்லுக்கு நின்னா. நான் ராத்திரியே வீட்டுக்குப் போயிட்டேன்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். மாணவியின் முகம் வெளிறியது.

"சார்... ஒரே நிமிஷம்! உடம்பு சூடா இருக்கு. அப்ப ரத்தம் மட்டும் எப்படிக் காய்ஞ்சுது? யாரோ ராத்திரி ஹீட்டர் போட்டுப் பிணத்தைச் சூடாவே வச்சிருக்காங்க!"

"கதை விடறா சார்!"

அவள் மேஜை ஓரத்திலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து, ஒளியை வடிகட்டும் இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே செருகி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுக்குள்ள திரவப் படிகம் இருக்கு சார். டி.வி. திரையில இருக்குமே, அது. அடியில எங்க பாலிமர் பூச்சு. குளிர்ல அது படிகத்தைப் படுக்க வைக்கும், வெளிச்சம் தெரியும். முப்பத்தஞ்சு டிகிரி தாண்டினா நிமிர்த்தி வச்சிடும், இருட்டாயிடும். அப்புறம் ஐஸ்ல வச்சாத்தான் மறுபடி படுக்கும். பாருங்க... இருட்டு! ராத்திரி இங்க சூடு ஏறியிருக்கு!"

"உளறாதடி!" மச்சினனுக்கு முகம் சிவந்தது. "முப்பத்தஞ்சுல எப்படி நிமிரும்? அம்பது வேணும்! அரிச்சுவடியே தெரியலை, கண்டுபிடிச்சாளாம்! டைமர் வச்ச ஹீட்டர் நாப்பதைத் தாண்டவே..."

சட்டென்று வாயை மூடினான்.

"தாண்டவே இல்லையா? சொல்லுங்க சார்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு கை மாறியது!

"பேட்டன்ட்ல அவ பேரைப் போடறேன்னார் சார்! சொந்த மச்சினன் நான் இருக்கறப்ப..."

"த்தூ!" இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே துப்பினார். "அப்ப எதும்மா சரி? முப்பத்தஞ்சா, அம்பதா?"

"அம்பதுதான் சார். வேணும்னுதான் தப்பாச் சொன்னேன்."

"அப்படின்னா இந்தக் கண்ணாடி எப்படிக் கறுத்துச்சு?"

"இதுல பூச்சும் இல்லை, படிகமும் இல்லை சார். வெறும் கண்ணாடி! இந்த ரெண்டு தாளையும் குறுக்கா வச்சா, நடுவுல ஒண்ணும் இல்லாட்டியும் இருட்டுதான்."

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டினார்.

"கொலையை மறைக்கத் தெரிஞ்ச உனக்கு, அடுத்தவங்க தப்பைப் பொறுத்துக்கத் தெரியலையேய்யா! வா... எங்க ஏட்டு எழுதற ரிப்போர்ட்ல வரிக்கு வரி தப்பு. ஜெயிலுக்குப் போறதுக்குள்ள திருத்திக் குடுத்துட்டுப் போ!"