ஏழாம் அறையில் ஒரு காலிப் பாய்

"ஐயோ... ஓடி வாங்க சார்!"

ஏழாம் அறையைத் திறந்த வார்டர் அலறினார்.

பாயில் சமையல்காரன் கிடந்தான். கழுத்தில் ஈரத்துண்டு இறுகியிருந்தது.

வெளியே பூட்டு. உள்ளே நாலு கைதிகள். ஒருவன் பிணம்... மீதி மூவரும் பாடியது ஒரே பாட்டு!

"தூங்கிட்டு இருந்தேன் சார்!"

சிறைக்குள் கஞ்சா விற்பவன் யார் என்று போலீஸிடம் சொல்லத் தயாராக இருந்தான் சமையல்காரன். அதற்குள் வாயை ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.

மூவரில் யார்?

மறுநாள் அந்தப் பாய்க்குப் புது ஆள் வந்தான். லாரி டிரைவராம். திருட்டுக் கேஸாம்.

சுத்தப் பொய்! ஆள் சப்-இன்ஸ்பெக்டர்... கைதி வேஷத்தில்! ஜெயிலருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் அடுத்த துண்டு இவன் கழுத்துக்குத்தான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம் வேறு.

"டேய் புதுசு! தட்டை இங்க தள்ளு!"

அதட்டியவன் மலை. பெயருக்கேற்ற உடம்பு.

"அண்ணே... எனக்கும் பசிக்குதுண்ணே..."

"பசிச்சா தண்ணி குடி!"

சுவரோரம் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தபடி பார்த்தார். எல்லோரும் அவரைக் கூப்பிடுவது வாத்தியார் என்று.

"லாரியா தம்பி? எந்த ரூட்டு? யாரு முதலாளி? லைசென்ஸ் எப்ப எடுத்தே?"

டிரைவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான். இந்த ஆள் எதற்கு இப்படித் தோண்டுகிறார்?

ஒரே ஆறுதல் மூன்றாமவன், எலி. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. தன் சாப்பாட்டில் பாதியை இவன் பக்கம் நகர்த்தினான்.

"சாப்பிடு மாப்ளே. இங்க பொழைக்கணும்னா யாரையும் என்ன கேஸுன்னு கேக்காதே. முறைச்சா தலையைக் குனிஞ்சுக்கோ. கக்கூஸ் கழுவுற முறை வந்தா மூஞ்சியைச் சுளிக்காதே. அப்புறம்... மலைகிட்ட முதுகைக் காட்டாதே."

"ஏன்?"

எலி குரலைத் தாழ்த்தினான்.

"சமையல்காரன் செத்த ராத்திரி நான் தூங்கலே. போர்வைக்குள்ள இருந்து பார்த்தேன். துண்டைப் போட்டது அவன்தான்!"

"ஐயையோ! அப்ப வாத்தியார்?"

"காலைப் பிடிச்சுக்கிட்டதே அவருதான். நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாராம். எனக்குத் தைரியமில்லே... நீ சொல்லிடு மாப்ளே. புண்ணியமாப் போகும்!"

இந்த நரகத்திலும் ஒரு நல்லவனா! டிரைவருக்குக் கண் கலங்கியது. விடியும்வரை உயிரோடு இருந்தால் போதும்.

விடிந்தது. விசில்! பூட்ஸ் சத்தம்!

"அட்டென்...ஷன்!"

அதிகாரி வந்தால் கைதிகள் குத்தவைத்து உட்கார்ந்து தலையைக் குனிய வேண்டும். அதுதான் சிறை வழக்கம். டிரைவருக்கு அது தெரியும். அவன் கால்களுக்குத் தெரியவில்லையே! பல வருடக் காக்கிப் பழக்கம்... சடாரென்று எழுந்தான். குதிகால்கள் ஒட்டின. நெஞ்சு நிமிர்ந்தது.

தொலைந்தேன்!

ஓரக்கண்ணால் மலையைப் பார்த்தான்.

மலையும் நின்றிருந்தான்... விறைப்பாக! பக்கத்தில் வாத்தியார் சல்யூட்டே அடித்துவிட்டார்!

அதிகாரி வாயைப் பிளந்தார்.

"யாருய்யா நீங்கள்லாம்?"

"போதைத் தடுப்புப் பிரிவு சார்!" என்றான் மலை. "கஞ்சா கேஸுக்காக மாசக்கணக்கா உள்ள கிடக்கேன்!"

"சிறை விஜிலன்ஸ் சார்..." வாத்தியார் கையை இன்னும் இறக்கவில்லை. "நான் இவரைத்தான் சந்தேகப்பட்டேன்."

"நான் உங்களைத்தான்யா!"

"நான் ரெண்டு பேரையும்!" என்றான் டிரைவர்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பூட்டிய அறை. அன்றைக்கு இருந்த மூவரில் இருவர் போலீஸ். அப்படியென்றால்...

மூன்று தலைகளும் மெல்லக் கீழே திரும்பின.

எலி மட்டும் முறைப்படி குத்தவைத்திருந்தான்.

"நீயாடா?" டிரைவரின் குரல் உடைந்தது. "பாதிச் சோறு போட்டியேடா!"

எலி நிமிர்ந்தான். சிரித்தான்.

"என்ன மாப்ளே முறைக்கிறே? நீங்க மூணு பேரும் பொய்க் கேஸுல உள்ள வந்தவங்க. இந்த ரூம்ல நிஜமாவே தப்பு பண்ணிட்டு வந்த யோக்கியன் நான் ஒருத்தன்தான்!"