ஏழு லிட்டர் சாட்சி

புருஷனைக் காப்பாற்றச் சொல்லி வந்தவள், புருஷனுக்கு எதிரான சாட்சியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். அந்தச் சாட்சி அவளேதான்.

பெட்ரோல் பங்க் சீருடையிலேயே வந்திருந்தாள். உட்காரச் சொன்னதும், துணியில் எண்ணெய்க் கறை இருக்கிறதென்று நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தாள். எதிரே இருந்தவரை எல்லோரும் சர்வேயர் என்பார்கள். விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது நசுங்கிய மனிதர்களின் வழக்குகளையும் பார்க்கிறார். இரண்டிலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: சொல்கிற கதையும் அடிபட்ட இடமும் பொருந்துகின்றனவா?

பக்கத்தில் அவருடைய மைத்துனன். உதவியாளன் என்று தனக்குத் தானே வேலை போட்டுக்கொண்டவன். வந்தவள் வாயைத் திறப்பதற்குள் குற்றவாளி யார் என்பதில் அவனுக்கு இரண்டு யூகங்கள் இருந்தன.

"என் வீட்டுக்காரர் கார் ஷோரூம்ல மெக்கானிக் சார். வார லீவு அன்னைக்கு அங்க சர்வீஸ் ஷெட்டு பள்ளத்துல ஒருத்தர் மண்டை உடைஞ்சு செத்துக் கிடந்தாரு. இவர்தான் அடிச்சாருன்னு புடிச்சு வெச்சிருக்காங்க."

"செத்தவர் யாரு?"

"தசமம்னு சொல்வாங்க. புதுக் காரை எல்லாம் ரோட்ல ஓட்டிப் பாத்து, நிஜமா என்ன மைலேஜ் குடுக்குதுன்னு சொல்ற ஆளு. பதினொண்ணுன்னு சொல்ல மாட்டாரு. பதினொண்ணு புள்ளி நாலும்பாரு. ஒரு டாக்ஸி கம்பெனி மொத்தமா நாப்பது கார் வாங்க இருந்துது. வாங்கறதுக்கு முன்னாடி இவரை ஓட்டிப் பாத்துச் சொல்லச் சொல்லிருந்தாங்க. லீவு அன்னைக்கு மதியம் ஷோரூம் கேட்டுல நின்னு பொண்டாட்டிக்கு போன் பண்ணி, வந்து சேந்துட்டேன்னு சொல்லிருக்காரு. அதுக்கப்புறம் பேசவே இல்ல."

"ஷெட் சாவி?"

"ரெண்டே பேர்கிட்ட சார். இவர்கிட்ட ஒண்ணு, இருபது சார்கிட்ட ஒண்ணு."

"யாரு அது, இருபது?" மைத்துனன் முன்னால் சாய்ந்தான்.

"விற்பனை மேனேஜர். டாக்ஸி கம்பெனி வாங்க இருந்த டர்போ காரு லிட்டருக்கு இருபது குடுக்கும்னு உள்ள வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. அதனால அந்தப் பேரு."

மைத்துனன் பின்னால் சாய்ந்துகொண்டான். அவனிடமும் அதே கார் இருந்தது.

"அன்னைக்கு மதியம் இந்த இருபது எங்க இருந்தாரு?" என்றார் சர்வேயர்.

அவள் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "மலைப்பாதையில. ஷோரூம்ல இருந்த அந்த டர்போ காரை ஓட்டிப் பாக்கப் போனாரு. போறதுக்கு முன்னாடி எங்க பங்க்ல டேங்க் நிரப்பினாரு. நாலு மணி நேரம் கழிச்சு வந்து மறுபடி நிரப்பினாரு. ரெண்டு தடவையும் நான்தான் ஊத்தினேன். மீட்டர்ல நூத்தி நாப்பது கிலோமீட்டர் கூடியிருந்துது, என்னைக் கூப்பிட்டே காமிச்சாரு. ஏழு லிட்டர் புடிச்சுது. 'பாத்தியாம்மா, அச்சு பிசகாம இருபது'ன்னு சிரிச்சாரு. அங்கேர்ந்து ஷோரூம் போனவர்தான் பொணத்தைப் பாத்துட்டு போலீசுக்குச் சொன்னாரு. கேட்டாங்க, நடந்ததைச் சொன்னேன். என் கையால ஊத்தின ஏழு லிட்டரு சார், அதுவே அவரைக் காப்பாத்தி, எங்க ஆளை மாட்டிவிட்டிருச்சு."

"உங்க வீட்டுக்காரர்?"

"வீட்ல தூங்கிட்டிருந்தாரு. தூங்கினதுக்கு யாரைச் சாட்சி வெப்பாரு? போன மாசம் சக்கர நட்டு சரியா முறுக்கலைன்னு தசமம் இவரைப் பத்திப் புகார் சொல்லி, பெரிய சண்டை. இதுல பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு கேன்ல மூணு லிட்டர் பெட்ரோல் வேற இருந்துதாம். ஷெட்டோட கொளுத்தப் பாத்தாருங்கறாங்க. ஒத்துக்கச் சொல்லி உள்ள வெச்சுக் கேக்கறாங்க சார். இன்னும் எத்தனை நாள் தாங்குவாருன்னு தெரியல."

சர்வேயர் சம்பந்தமில்லாதது போல் கேட்டார்.

"பெட்ரோல் போட வந்தா முன்கண்ணாடி தொடைப்பீங்கதானே?"

"தொடைக்கப் போனேன். வேணாம்னாரு. தொடைக்க ஒண்ணும் இல்லதான், பளிச்சுன்னு இருந்துது."

ஷோரூமில் 20 என்ற எண் ஆள் உயரத்துக்கு நின்றிருந்தது. பக்கத்திலேயே பொடி எழுத்தில், அது ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அளவு என்றும் எழுதியிருந்தார்கள். படிப்பதற்கு மண்டியிட வேண்டும். கார் வாங்க வருகிறவர்கள் மண்டியிடுவது வழக்கமில்லை. தவணை கட்டும்போதுதான்.

இருபது நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கண்கள் சிவந்திருந்தன. தண்ணீர் கொடுத்தார். ஷெட்டைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம், காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளம். தரையைக் கழுவியிருந்தார்கள், ஆனாலும் ஓரத்துச் சிமெண்டில் ஒரு பழுப்பு நிறம் போகாமல் நின்றது. மறு பக்கம், காரை இடுப்பளவு தூக்கி நிறுத்தும் லிஃப்ட். புகையை வெளியே இழுக்கும் குழாய் ஒன்று சுவரில் தொங்கியது.

"போன் எடுத்துட்டுப் போகலையா அன்னைக்கு?" என்றார் சர்வேயர்.

"வீட்ல வெச்சுட்டுப் போயிட்டேன் சார். லீவு நாளாச்சே."

அந்தக் கார் முன்னால்தான் நின்றது. சர்வேயர் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்தார். மொத்த தூரம் இருந்தது. சராசரி மைலேஜ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும்.

"இது அழிஞ்சிருக்கே?"

"தினமும் சாயங்காலம் அழிச்சிருவோம் சார். இங்க அதான் பழக்கம். வர்றவங்க அந்த நம்பரைப் பாத்தா மனசு கஷ்டப்படும்." பிறகு, தான் சொன்னது காதில் விழுந்ததும், சேர்த்துக்கொண்டார்: "கண்டபடி ஓட்டுவாங்க பாருங்க. நல்லா ஓட்டினா இருபது வந்தே தீரும்."

"உங்க சொந்தக் காரும் இதேதானா?"

"எனக்கு எதுக்கு சார் காரு? வீட்டு வாசல்லயே பஸ் ஸ்டாப்பு."

திரும்பும் வழியில் மைத்துனன்தான் ஓட்டினான். இதற்குள் அவன் டாக்ஸி கம்பெனி முதலாளி, தசமத்தின் மனைவி, வழக்கைக் கொண்டுவந்த பங்க்காரம்மா ஆகிய மூவரையும் கைது செய்து முடித்திருந்தான்.

"மாப்ள, உன் கார் என்ன மைலேஜ் குடுக்குது?" என்றார் சர்வேயர்.

"பதினெட்டு மாமா."

"ஒருத்தர் உயிர் போயிருக்கு. இன்னொருத்தர் உள்ள அடி வாங்கிட்டிருக்கார்."

சிக்னலில் கார் நின்றது. மைத்துனன் கண்ணாடியைச் சரிசெய்தான். சரியாக இருந்ததைச் சரிசெய்தான்.

"பதிமூணு," என்றான். "ஊருக்குள்ள. மலை ஏறினா பதினொண்ணு, ரொம்ப பூப்போல ஓட்டினா பன்னெண்டு. அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா. பதினெட்டுன்னு சொல்லித்தான் வாங்கினேன்."

"ஏன் அப்படிக் குடிக்குது?"

"எஞ்சின் சின்னது. டர்போங்கறது அதுக்குள்ள காத்தை ஊதி ஊதிப் பெரிய எஞ்சின் வேலையை வாங்கறது. ஊதற காத்துக்குத் தகுந்த பெட்ரோலும் போகணும்ல? சமதரையில மெதுவாப் போனா சமத்தா இருக்கும். ஏத்தத்துல மிதிச்சே ஆகணும். மிதிச்சா முடிஞ்சுது."

"இந்த வண்டி வெச்சிருக்கறவங்க யாராவது மலையில இருபது எடுத்திருக்காங்களா?"

"வாயால எடுத்திருக்காங்க."

சர்வேயர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "இருபது மட்டும் வண்டியால எடுத்திருக்கார். அதுவும் அச்சு பிசகாம. இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு விடு."

இன்ஸ்பெக்டருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு நாள் மலைக்காற்று யாருக்கும் கெடுதல் செய்யாது என்பதில் இருந்தது. இருபதைக் கூப்பிட்டு, அன்றைக்குப் போன அதே பாதையில், அதே காரை, அதே மாதிரி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கொடுமை என்னவென்றால், மனிதர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அவருக்குத் தன் கார் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பங்க்கில் பங்க்காரம்மாவே டேங்கை விளிம்புவரை நிரப்பினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, கார் கிளம்பியது. சர்வேயரும் மைத்துனனும் நிழலில் நின்றார்கள். அவள் வந்த வண்டிகளுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருவரிடமும் நிமிர்ந்து பேசவில்லை.

வெயில் சாய்ந்தபோது கார் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி முதுகை நிமிர்த்தினார்.

"மாட்டு வண்டி முந்திட்டுப் போச்சுய்யா," என்றார். "இதுக்கு மேல மெதுவா ஓட்டணும்னா எறங்கித் தள்ளணும்."

தூரம் நூற்று நாற்பது. முன்கண்ணாடி முழுக்கப் பூச்சிகள் அப்பிக் காய்ந்திருந்தன. சர்வேயர் அதை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் குழாயை டேங்கில் செருகினாள்.

இலக்கங்கள் ஓடத் தொடங்கின. ஐந்து. ஆறு. இருபது வாய்க்குள் எண்ணுவது தெரிந்தது. ஏழு வந்தது. அவர் கையை லேசாக உயர்த்தினார், போதும் என்பதுபோல. டேங்குக்கு அது தெரியவில்லை. எட்டு. ஒன்பது. அவள் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பதினொன்று தாண்டியது. பன்னிரண்டை நெருங்கும்போது குழாய் தானாக நின்றது.

பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்ததும் அடிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

"ஏதோ கோளாறு," என்றார் இருபது. "ஏசி போட்டாரு இன்ஸ்பெக்டர் சார்."

"போடவே விடலையே நீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

சர்வேயர் குரலை உயர்த்தாமல் பேசினார். "அன்னைக்கு இந்தக் கார் மலைக்கே போகலை. போயிருந்தா பன்னெண்டு லிட்டர் குடிச்சிருக்கும், கண்ணாடியில பூச்சி இருந்திருக்கும். இந்தம்மா பாத்தப்ப கண்ணாடி பளிச்சுன்னு இருந்துது."

"அப்ப மீட்டர்ல நூத்தி நாப்பது எப்படிய்யா ஏறிச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஷெட்ல லிஃப்ட் இருக்கு. அதுல தூக்கி, மேல் கியர்ல போட்டு விட்டா, ஆள் இல்லாமலே சக்கரம் அந்தரத்துல சுத்தும், மணிக்கு முப்பத்தஞ்சு கிலோமீட்டர் கணக்குல. நாலு மணி நேரத்துக்கு நூத்தி நாப்பது. தசமத்தை அங்க வரச் சொன்னது இவர்தான். நாளைக்கு ஓட்டிப் பாத்து பதினொண்ணு புள்ளி ஏதோன்னு சொல்லிட்டா நாப்பது காரும் போச்சு. பேசிப் பாத்திருப்பார். அவர் புள்ளியைக்கூட விட்டுக் குடுக்கற ஆள் இல்ல. கார் ஒரு பக்கம் சுத்திட்டிருக்க, பள்ளத்துப் பக்கம் வேலை முடிஞ்சுது."

"மாமா, அந்தரத்துல சுத்தினா பெட்ரோல் கம்மியாத்தானே போகும்?" என்றான் மைத்துனன்.

"அதான் இவருக்கும் வந்த கஷ்டம். இழுக்க பாரம் இல்ல, எதிர்க்காத்து இல்ல, டர்போ தூங்கிட்டிருக்கு. மணிக்கு ஒரு லிட்டர், மொத்தம் நாலுதான் போச்சு. லிட்டருக்கு முப்பத்தஞ்சுன்னு திரையில வந்து நிக்குது. யார் நம்புவா? அதனால பெட்ரோலை உருவினார். எவ்வளவு உருவணும்? நிஜமா ஓட்டற உன்னை மாதிரி ஒருத்தனா இருந்தா எட்டு லிட்டர் உருவியிருப்பான், நாமளும் ஏமாந்திருப்போம். இவர் மூணுதான் உருவினார். நாலும் மூணும் ஏழு. அப்பதானே இருபது வரும். அந்த மூணு லிட்டர்தான் பள்ளத்துப் பக்கத்துல கேன்ல இருந்துது. திரையில இருந்த நம்பரை அழிச்சார். அதை யாரும் சந்தேகப்படலை. அங்க தினமும் அழிக்கறதுதானே."

இருபது பங்க் மெஷினின் இலக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது.

"இருபதுன்னுதான் சார் போட்டிருக்கு," என்றார். "எத்தனை பேருக்குச் சொல்லி வித்திருக்கேன். ஒருத்தராவது வந்து சொல்லலையே."

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் இருபதின் தோளில் கை வைத்தபோது, பங்க்காரம்மா குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தாள். அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

"அவரை எப்ப விடுவீங்க?"

"எழுத்து வேலை இருக்கும்மா. நாளைக்குக் காலையில..."

"இப்ப," என்றாள்.

இன்ஸ்பெக்டர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷன் வாசலில் மெக்கானிக் வெளியே வந்தபோது சட்டையைத் திறந்து போட்டிருந்தான். மைத்துனன் ஓடிப்போய், வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினான். நீட்டியபடியே நின்றான். மெக்கானிக்கின் வலது கை விரல்கள் நான்கும் வீங்கி, திசைக்கொன்றாகத் திரும்பியிருந்தன. ஒத்துக்கொள்கிறாயா என்று விரலுக்கு ஒரு தரம் கேட்டிருந்தார்கள்.

"ஸ்பேனர் புடிக்க முடியுமா சார் இனிமே?" என்று அவன் சர்வேயரிடம் கேட்டான். நசுங்கியதைப் பார்த்து மதிப்புச் சொல்கிறவர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

சர்வேயர் அந்தக் கையைத் தொடாமல், குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

அவள் நடுவில் வந்து நின்று, புருஷனின் சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட ஆரம்பித்தாள்.