நீ இரு, நிபால்டோ

எடுவினாவின் ஆட்டுப்பட்டிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. யஸ்னா சைக்கிள்களைக் கள்ளி வேலியில் சாய்த்துவிட்டுத் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பினாள். அதற்குள் லொரேட்டோ வீட்டுக்காரியோடு பத்து வருடப் பழக்கம் போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் அவள் அப்படித்தான்.

"ரெண்டு பேரும் ராத்திரி மேலயா தங்கப் போறீங்க? தனியாவா?" என்றாள் எடுவினா, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றியபடி.

"தனியா எங்க? இவ இருக்காளே. இவ பயந்து சாகறதைப் பார்த்தே எனக்குப் பொழுது போயிடும்."

"போடி" என்றாள் யஸ்னா.

எடுவினா சிரிக்கவில்லை. "கணவாய்ல நிபால்டோவோட சின்ன வீடு இருக்கும். அவன் சைக்கிளும் நிக்கும். மணியை அடிச்சு, 'நாங்க போறோம், நீ இரு'ன்னு சொல்லிட்டுப் போங்க. சைக்கிள்காரங்க எல்லாரும் சொல்லிட்டுத்தான் இறங்குவாங்க."

இந்த மலைகளில் வழியில் யார் செத்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்ன வீடு எழுந்துவிடும். நாய்க்கூடு அளவில், தகரக் கூரையும் மெழுகுவர்த்தியும் தண்ணீர்ப் புட்டிகளுமாக. உயிர் பிரிந்த இடத்தைவிட்டு ஆவி நகராது என்பார்கள். ஆனால் செத்தவனிடம் 'நீ இரு' என்று சொல்ல வேண்டும் என்பதை யஸ்னா இப்போதுதான் கேட்கிறாள்.

"சொல்லலைன்னா?" என்றாள் லொரேட்டோ.

"அவன் கூட்டாளியோட வந்தவன், கண்ணு. கூட்டாளி முன்னாடி இறங்கிட்டான். பின்னாலயே நிபால்டோ சைக்கிள் உருண்டு வர்ற சத்தம் கடைசிவரைக்கும் கேட்டுதாம். கீழ போய்த் திரும்பிப் பார்த்தா யாரும் இல்ல. இவன் மேலயே நெஞ்சு நின்னு கிடந்தான். கணவாயை விட்டு இறங்கவே இல்ல."

"அப்போ பின்னால உருண்டது யாரு?"

எடுவினா பாலாடைக்கட்டியை அவள் கையில் வைத்தாள். "சொல்லிட்டுப் போங்க. சொல்லலைன்னா தன்னையும் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்குவான்."

ஏற்றம் தொடங்கியது. முன்னால் லொரேட்டோ, பின்னால் யஸ்னா. பள்ளிக்கூட நாளிலிருந்து இதுதான் வரிசை. அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே தனக்கு வயதாகிவிட்டது என்று யஸ்னாவுக்குத் தோன்றியது. அடுத்த திங்கட்கிழமை அந்த முதுகு தெற்கே, நாட்டின் கடைசி முனையில் இருக்கும் புன்டா அரேனாஸுக்குப் போய்விடும். வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்தாயிற்று. "வந்து பாருடி" என்று லொரேட்டோ சொல்லியிருந்தாள், விருந்தாளியிடம் சொல்வதைப் போல. இந்த ஒரு ராத்திரிதான் மிச்சம். அதை யஸ்னா ஒரு மாதமாக மனசுக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே லொரேட்டோவின் இடது பெடல் முறிந்தது. அச்சோடு ஒடிந்து கல்லில் உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

"அவ்வளவுதான். எடுவினா வீட்டுக்கே தள்ளிட்டுப் போயிடலாம். அவங்க தம்பிகிட்ட வேன் இருக்காம். ராத்திரிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் லொரேட்டோ. குரலில் வருத்தமே இல்லை. அதுதான் யஸ்னாவைச் சுட்டது.

"மேல வரைக்கும் தள்ளு. பார்க்கலாம்."

கணவாயில் காற்று ஓயவில்லை. சின்ன வீட்டின் பக்கத்தில் வெள்ளையடித்த பழைய சைக்கிள் ஒன்றைப் பாறையோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஹேண்டில்பாரில் ஒரு பித்தளை மணி. டயர்கள் வெடித்துச் சுருண்டிருந்தன. பெடல்கள் மட்டும் முழுதாக இருந்தன.

யஸ்னா லா செரேனா நகரில் சைக்கிள் பழுது பார்ப்பவள். கண் பார்த்ததுமே கை அளவெடுத்துவிட்டது. பொருந்தும்.

"ஏய், வேண்டாம்டி" என்றாள் லொரேட்டோ. பிறகு அவளே சிரித்தாள். "சரி எடு. செத்தவன் எங்க மிதிக்கப் போறான்?"

பெடலைக் கைக்கு வாகாகக் கொண்டுவர யஸ்னா அதைப் பின்பக்கமாகச் சுற்றினாள். பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீல் பேசியது. டிக், டிக், டிக், ஒரு இடைவெளி, மறுபடி டிக். உள்ளே ஒரு பல் உடைந்திருக்க வேண்டும். இத்தனை துருவுக்குள் அது சுற்றியதே பெரிது என்று நினைத்துக்கொண்டாள். இடது பெடலை மற்றதற்கு நேர் எதிராகத் திருப்ப வேண்டும். பலம் போட்டுத் திருகத் தயாராகத் திருகுசாவியை மாட்டினாள்.

பலமே தேவைப்படவில்லை. நேற்றுத்தான் கிரீஸ் போட்டதைப் போல வழுக்கிக்கொண்டு கழன்றது.

லொரேட்டோ சின்ன வீட்டின் முன் குனிந்து கைகூப்பினாள். "நிபால்டோ அண்ணே, பெடலைக் கடனாத் தாங்க. சந்தேகம்னா நீங்களும் எங்க பின்னாலயே வாங்க."

"வாயை மூடுடி!"

"ஐயோ, பயந்துட்டா."

மணியை யாரும் அடிக்கவில்லை. அடித்தால் கேட்டது கேலி, எடுத்தது திருட்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யஸ்னா நினைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே பெடலை லொரேட்டோவின் சைக்கிளில் மாட்டினாள்.

கணவாயைத் தாண்டிச் சற்றுத் தள்ளிப் பாறை மறைவில் கூடாரம் போட்டார்கள். கடலிலிருந்து கமன்சாக்கா ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த மூடுபனி முதலில் பள்ளத்தை விழுங்கியது, பிறகு பாதையை, பிறகு இவர்கள் சைக்கிள்களை. ஈரக் கல்லும் ஆட்டுப் புழுக்கையும் மணத்தன. அடுப்பு எரியவே மாட்டேன் என்றது. லொரேட்டோ புது வீட்டைப் பற்றிப் பேசினாள், ஜன்னலைத் திறந்தால் கடல் நீரிணை என்றாள். யஸ்னா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்த ராத்திரிக்காகத்தானே திருடினோம், இதில் உட்கார ஏன் முடியவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. எழுந்தாள், கயிறுகளை இழுத்துப் பார்த்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

அப்போதுதான் கேட்டது.

டிக், டிக், டிக்.

மிதிக்கிற சைக்கிளில் அந்தச் சத்தம் வராது. மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருளும்போதுதான் ஃப்ரீவீல் பேசும்.

சத்தம் கீழேயிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

மேட்டில் எந்தச் சைக்கிளும் சும்மா உருளாது.

"லொரே" என்று கிசுகிசுத்தாள். "கேக்குதா?"

"காத்துடி. படு."

கூடாரத்தைத் தாண்டிக் கணவாய்ப் பக்கம் போய் அது ஓய்ந்தது. லொரேட்டோ தூங்கிப்போனாள். யஸ்னா இருட்டில் அவள் மூச்சைக் கேட்டபடி கிடந்தாள்.

விடிந்தும் பனி விலகவில்லை. கை நீட்டினால் விரல் தெரியவில்லை.

"நீ முன்னாடி போ" என்றாள் லொரேட்டோ. "இந்தப் பெடலை நம்பி நான் வேகமா வர மாட்டேன். சத்தம் கேக்கற தூரத்துலயே வர்றேன்."

யஸ்னா முதன்முறையாக முன்னால் போனாள். பிரேக்கைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்கினாள். பின்னால் லொரேட்டோவின் சைக்கிள் உருண்டு வந்தது. தன்னைத் தொடர்ந்து ஒருத்தி வருகிறாள் என்பதில் ஒரு இனிப்பு இருந்தது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லாதவளாக இருப்பது எப்படி என்று இத்தனை வருடம் லொரேட்டோவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"வர்றியாடி?"

சத்தம் மட்டும் வந்தது. அது போதும் என்று இருந்தது.

பாதி இறக்கத்தில்தான் காது உறுத்தியது. லொரேட்டோவின் சக்கரம் விலை உயர்ந்தது. உருண்டால் சில்வண்டுக் கூட்டம் போல ஒரே சீராகக் கத்தும். அதைப் பூட்டியதே யஸ்னாதான்.

இது சீராக இல்லை.

டிக், டிக், டிக்.

ஒரு இடைவெளி.

டிக்.

பிடரியில் ஈரமாக ஏதோ ஊர்ந்தது. பனியாகத்தான் இருக்கும். திரும்பு, திரும்பு என்று மனசு கத்தியது. கழுத்து திரும்பவில்லை. நிறுத்தினால் அது தன் பக்கத்தில் வந்து நிற்கும் என்று தோன்றியது. பிரேக்கை விட்டாள். சத்தமும் வேகமானது. தார் ரோடு சக்கரத்தில் தட்டும்வரை அவள் மூச்சுவிட்டதாகவே நினைவில்லை.

நின்றாள். திரும்பினாள்.

வெறும் பாதை.

"லொரே!"

தன் குரல் பனிக்குள் போய்த் தொலைவதைக் கேட்டாள். நிபால்டோவின் கூட்டாளியும் இதே இடத்தில், இப்படித்தான் நின்றிருப்பான்.

மறுபடி ஏறினாள். மிதித்தாள், முடியாதபோது தள்ளினாள், தள்ள முடியாதபோது சைக்கிளைப் போட்டுவிட்டுக் கருவிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று முனகிக்கொண்டே போனாள். இப்படி நினைக்கத் தன்னால் முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

கணவாயில், வெள்ளைச் சைக்கிளின் காலடியில் லொரேட்டோ உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது. யஸ்னா அவள் கைகளைத் தன் சட்டைக்குள் இழுத்து அழுத்திக்கொண்டாள். பனிக்கட்டி.

"நீ ஏன்டி நிக்கவே இல்ல?" என்றாள் லொரேட்டோ, பற்கள் அடித்துக்கொள்ள. "எவ்வளவு கூப்பிட்டேன். உன் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். முன்னாடியே போச்சு, போச்சு. இறங்கறோம்னுதான் நினைச்சேன். காலு வலிச்சுது. இறக்கத்துல ஏன் வலிக்குதுன்னு யோசிச்சேன்."

"பேசாத. எழுந்திரு."

"பெடலை நீயா கழட்டினே?"

யஸ்னா நிமிர்ந்தாள். லொரேட்டோவின் சைக்கிளில் இடது பெடல் இல்லை. அது வெள்ளைச் சைக்கிளில் இருந்தது. தொட்டாள். கையால் அசைக்க முடியாதபடி முறுக்கி இறுக்கியிருந்தது. இருந்த ஒரே திருகுசாவி அவள் தோளில் தொங்கிய பையில் இருந்தது.

மணியை அடித்தாள். கணீரென்று ஒலித்தது.

"நாங்க போறோம்" என்றாள். "நீ இரு."

சொல்லும்போது அவள் வெள்ளைச் சைக்கிளைப் பார்க்கவில்லை. தன் மேல் சாய்ந்து கிடந்த லொரேட்டோவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரு, போகாதே என்று ஒரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, கடைசியில் இந்த வார்த்தைக்குள் ஏறிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதை அவள் அப்போதே உணர்ந்தாள். நிபால்டோவை நினைத்துத் திருப்பிச் சொல்ல நேரமில்லை. லொரேட்டோ நடுங்கிக்கொண்டிருந்தாள். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, அவளைத் தாங்கிப் பிடித்தபடி எடுவினாவின் பட்டிப் பக்கம் இறங்கினாள்.

திங்கட்கிழமை லொரேட்டோ போனாள்.

சில வாரங்கள் கழித்து, கடையை மூடும் நேரத்தில் லொரேட்டோவிடமிருந்து போன் வந்தது. நல்லா இருக்கேன், காத்து ஆளைத் தூக்குது, சம்பளம் வந்துடுச்சு, இங்க ஒருத்தருக்கும் ஜோக் புரியல. யஸ்னா சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் அது இருந்தது. மெல்ல, தொலைவில்.

டிக், டிக், டிக். இடைவெளி. டிக்.

"புதுச் சைக்கிள் வாங்கிட்டியா?" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"இந்தக் காத்துலயா? பைத்தியமா உனக்கு?" லொரேட்டோ குரலைத் தாழ்த்தினாள். "நானே கேக்கணும்னு இருந்தேன். உன் கடையில யாருடி சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இருக்காங்க? நீ போன் எடுக்கறப்பல்லாம் கேக்குது."

யஸ்னா கடையைச் சுற்றிப் பார்த்தாள். கொக்கிகளில் தொங்கிய சக்கரங்கள் எல்லாம் அசையாமல் நின்றன.

இருவரும் போனை வைக்கவில்லை. நடுவில் அது உருண்டுகொண்டிருந்தது.

யஸ்னா கண்களை மூடி வெள்ளைச் சைக்கிளை நினைத்தாள். அதை மட்டும்.

"நாங்க போறோம்" என்றாள், நிறுத்தி நிதானமாக. "நீ இரு, நிபால்டோ."

சத்தம் நின்றது.

"அப்பா" என்று மூச்சுவிட்டாள் லொரேட்டோ. "போயிட்டான்டி."

யஸ்னா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். வண்டி நின்றுவிட்டாலும் ஃப்ரீவீலின் சத்தம் நிற்கும்.

மிதிக்கத் தொடங்கினாலும் நிற்கும்.