மூலை மேஜை லில்லிகள்

அந்தக் கண்களை அவள் முதலில் பூக்களுக்கு மேலேதான் பார்த்தாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரிசப்ஷனுக்கு இன்னும் நேரம் இருந்ததால் மண்டபத்தில் ஈ, காக்கைகூட இல்லை. மேஜைக்கு மேஜை பூக்குவளையை வைத்துவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பூ மறைத்துவிடக் கூடாது. மூலை மேஜைக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. அங்கே எதிர் நாற்காலியே தெரியாதபடி லில்லிகளை உயரமாக, நெருக்கமாகச் செருக வேண்டும். இந்த மண்டபத்தில் எப்போது வேலை வந்தாலும் பூக்கடைக்காரியான அக்காவின் உத்தரவு அது. ஏன் என்று கேட்டால் அக்காவின் முகம் இறுகிவிடும்.

அப்படித்தான் செருகியிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் லில்லிகள் குட்டையாகியிருந்தன. அவற்றுக்குப் பின்னால், மேஜைக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்தன... இரண்டு கண்கள்!

வீல் என்று கத்தினாள்.

"கத்தாதீங்க... மனுஷன்தான். லைட் போட வந்தவன், கீழ வயர் ஒட்டிட்டிருந்தேன்."

இமைகளில் இன்னும் மழைத்துளி. பேய்க்கு இவ்வளவு அழகான கண் இருக்குமா என்ன? அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"என் பூவை எதுக்கு வெட்டினீங்க?"

"நான் வயரைத்தாங்க வெட்டுவேன். பூ மேல எனக்கென்ன பகை?"

"அப்ப தானாவே குள்ளமாயிடுச்சா?"

"உங்க கோபத்தைப் பார்த்துக் குனிஞ்சிருக்கும்..."

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். காதல் கீதல் என்று வந்து நிற்க மாட்டேன் என அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள் அவள். சிரித்துவிட்டால் வம்பு.

புது லில்லிகளை எடுத்து வந்து மறுபடி உயரமாகச் செருகினாள். "சாட்சிக்கு நிக்கிறேன்" என்று அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

பளீரென்று மின்னல். விளக்குகள் அணைந்தன. இருட்டில், காதுக்கு வெகு அருகில்... நறுக். நறுக். நறுக்.

"நீங்கதானே?" என்றாள்.

"என் ரெண்டு கையையும் நீங்கதான் பிடிச்சிட்டிருக்கீங்க..."

எப்போது பிடித்தாள்? அவளுக்கே தெரியவில்லை.

விளக்கு வந்தது. லில்லிகள் குட்டையாக நின்றன. கத்தரி அவள் இடுப்புப் பையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்தா அக்கா குவளைப் பெட்டியோடு உள்ளே வர வேண்டும்! முதலில் கோத்திருந்த கைகளைப் பார்த்தாள்.

"யாருடி இவன்? என்கிட்ட என்ன சத்தியம் பண்ணின நீ?"

அடுத்து அக்காவின் பார்வை விரிப்பில் சிதறிக் கிடந்த காம்புகளில் விழுந்தது. ஒன்றை எடுத்து வெட்டுவாயைத் திருப்பிப் பார்த்தாள். சாய்வு மறுபக்கமாக இருந்தது. முகம் வெளுத்துப்போயிற்று.

"இடது கை வெட்டு... உன் மாமா ஒருத்தர்தான் இப்படி வெட்டுவாரு."

மாமா, அக்காவுக்கு நிச்சயித்தவர். கடையில் கூடவே நின்று பூ வெட்டியவர். இதே மூலையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, கல்யாணத்தன்று மழையில் வண்டி சறுக்கி, வராமலே போனவர். அந்தக் காலி நாற்காலியைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் அக்கா பூவை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

அக்கா மெல்ல உட்கார்ந்தாள். லில்லிகளுக்கு மேலே எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே யாருமில்லை. ஆனால்... நாற்காலியின் மெத்தை மெதுவாக அமுங்கியது.

"இத்தனை வருஷம் பொறுத்திருக்காரு மனுஷன்..." அக்காவின் கன்னத்தில் ஒரு வெட்கம். தங்கை இதுவரை பார்த்தேயிராத வெட்கம். திரும்பாமலே சொன்னாள்: "உன் சத்தியத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன்டி. போ... எதிர்ல உட்கார ஆள் இருக்கும்போதே உட்காரு."

பக்கத்து மேஜையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் முதுகு சில்லிட்டிருந்தது. கன்னம் மட்டும் சுட்டது.

"பூ உயரம் சரியா இருக்குதா?" என்றான்.

"ம்... நல்லா தெரியறீங்க." விரிப்பின் ஓரத்தைத் திருகினாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு..."

"எனக்கும் ரெண்டும்தாங்க."

மூலை மேஜையில் மறுபடி ஒரு 'நறுக்'.

"போதுங்க... நல்லாவே தெரியறேன்," என்று அக்கா சிரிப்பது கேட்டது.