மரியாதை மூலையில் ஒரு பச்சோந்தி

லலைனாவின் வீட்டில் சாப்பிட மறுக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவளுடைய தம்பி நைவு. இன்னொன்று, அவன் வேலியிலிருந்து கொண்டுவந்த பச்சோந்தி.

நைவுக்கு ஆறு வயது. அம்மாவை வேனில் படுக்கவைத்து ஆன்ட்சிராபே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, அவன் வேலியோரம் நின்று அழுதுகொண்டிருந்தான். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அம்மா தினமும் துணி உலர்த்தும் வேலி. அம்மாதான் இதைத் தனக்காக விட்டுப் போயிருக்கிறாள் என்று அவனாகவே முடிவு செய்து, அது உட்கார்ந்திருந்த குச்சியோடு ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான்.

நோயாளிக்குச் சமைத்துப் போட ஆஸ்பத்திரியில் வீட்டு ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும். அதனால் அப்பாவும் அம்மாவுடனே போய்விட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஃபாரா அத்தை வந்தாள். அத்தைக்கு முட்டுகிற மாடு, திருடன், இடி எதற்கும் பயமில்லை. பச்சோந்தி ஒன்றுக்குத்தான் பயம். எங்கள் மலைப்பக்கத்துப் பெரியவர்கள் பலர் அப்படித்தான். அதை அடிக்கக் கூடாது, அதற்கு நேராக விரலை நீட்டக் கூடாது என்பார்கள். வீட்டுக்குள் வந்துவிட்டதை வெளியே துரத்தவும் அத்தைக்குத் துணிச்சல் வரவில்லை.

எனவே அத்தை அதற்கு வீட்டிலேயே மிக மரியாதையான இடத்தைக் கொடுத்தாள். வடகிழக்கு மூலை. அது முன்னோர்களின் மூலை. ஜாடியில் ஒரு காபிக் கிளையைச் செருகி, பச்சோந்தியை அதில் ஏறவிட்டாள். பக்கத்தில், விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். ஊர்த் தலைவர் வந்தபோதுகூட அந்தக் கிண்ணம் வெளியே வரவில்லை.

இவ்வளவு செய்தும் பச்சோந்தி நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போனது. கண்கள் குழிவிழுந்தன. நைவு பிடித்துப் போட்ட வெட்டுக்கிளிகள் அதன் மூக்குக்கு முன்னாலேயே நடந்துபோயின. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே குளிர்காலத் தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு ரவாகா அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தாள். மூலையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. துக்கம் வரப்போகிற வீட்டில்தான் இது இப்படிக் கறுக்கும் என்று அத்தையின் காதில் சொன்னாள். ரவாகாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

நைவு கரண்டியைக் கீழே வைத்தான். அதன்பிறகு அவன் சோற்றைத் தொடவில்லை. பானையில் அடிப்பிடித்த சோற்றில் ஊற்றிக் கொதிக்கவைத்த தண்ணீரை மட்டும் இரண்டு வாய் குடிப்பான். மற்ற நேரமெல்லாம் மூலைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அத்தை கெஞ்சினாள், அதட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

லலைனாவுக்கு மட்டும் என்ன, பத்து வயதுதான். ரவாகா சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் இரண்டு பேரும் மூலையைப் பார்த்து உட்கார்ந்தால் தண்ணீர் எடுக்க யார் போவது? ஒருநாள் குடத்தோடு வந்தவள், ஈரக் கையை உதறினாள். இரண்டு சொட்டு காபி இலைமேல் விழுந்தது. பச்சோந்தியின் ஒரு கண் மெல்லத் திரும்பியது. பிறகு அது தலையை நீட்டி, இலையில் உருண்ட சொட்டை நக்கியது.

லலைனா மறுபடி தெளித்தாள். மறுபடி குடித்தது. பாவம், இத்தனை நாளும் நல்ல தாகம். கிண்ணத்தில் அசையாமல் கிடப்பதும் தண்ணீர்தான் என்று அதற்குத் தெரியவில்லை. இலையில் சொட்டுவதுதான் அதற்குத் தண்ணீர்.

மறுநாள் தூறல் விட்டு வெயில் அடித்தது. ஊற்றுக்குப் போகும் வழியில் வேலியில் இன்னொரு பச்சோந்தி இருந்தது. லலைனா நின்று பார்த்தாள். வெயில் படும் பக்கம் மட்டும் கரியாக இருந்தது, மறுபக்கம் பச்சை. தண்ணீரோடு திரும்பி வந்தபோது அது முழுப்பச்சையாகிக் கிளையில் நடந்துகொண்டிருந்தது. குளிர்ந்த உடம்பு வெயிலை வாங்கிக்கொள்ளத்தான் கறுக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் வீட்டுக்குள் போய் மூலையைப் பார்த்தாள். எங்கள் வீடுகளில் கதவும் ஜன்னலும் மேற்கே இருக்கும். வடகிழக்கு மூலைக்கு வெயில் எட்டவே எட்டாது. மரியாதை கொடுப்பதாக நினைத்து, வீட்டிலேயே குளிரான இருட்டில் அதை வைத்திருக்கிறோம்.

அத்தை சந்தைக்குப் போயிருந்தாள். கேட்டால் விடமாட்டாள். முன்னோர்களின் இடத்திலிருந்து ஒன்றைச் சொல்லாமல் எடுப்பதும் தப்பு. லலைனா மூலைக்கு முன் குனிந்து நின்றாள்.

“தாத்தாமாரே, கோவிச்சுக்காதீங்க. இதுக்குக் குளிருது. கொஞ்சம் வெயில்ல வெச்சுக்கறேன்,” என்றாள்.

தாத்தாமார் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

மேலேயிருந்து கை வந்தால் அது மிரளும் என்று, அதைத் தொடாமல் ஜாடியோடு தூக்கினாள். வேலியோரம் வைத்தாள். நைவு பின்னாலேயே வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் அது இன்னும் கறுத்தது. நைவின் உதடு பிதுங்கியது. பொறுடா என்று லலைனா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றோரம் பச்சை வந்தது. பிறகு முதுகில், பிறகு வால் வரைக்கும். நைவு ஒரு வெட்டுக்கிளியை நீட்டினான். அதன் நாக்கு பாய்ந்து வந்தது. வெட்டுக்கிளியைக் காணோம்.

“அக்கா, பச்சையாயிடுச்சு,” என்றான் நைவு. “அப்போ அம்மாவுக்குச் சரியாயிடுச்சா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாப்பிட்டுவிடுவான். ஆனால் நாளைக்குத் தூறும். மறுபடி கறுக்கும். அப்போது என்ன சொல்வது?

“இல்லடா. குளிர்ல கறுத்துச்சு, வெயில்ல பச்சையாச்சு. அம்மா சங்கதி அதுக்குத் தெரியாது.”

“உனக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது.”

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை. நைவு அவளையும் பச்சோந்தியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்போ அது துக்கத்துல கறுக்கல?”

“இல்ல. வெறும் குளிருதான்.”

அவன் பச்சோந்தியிடம் இன்னொரு வெட்டுக்கிளியை நீட்டினான். அதற்குள் அத்தை கூடையோடு வந்து பின்னால் நின்றாள். வெளியே இருந்த ஜாடியைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவள், பச்சை உடம்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

நைவு கேட்டான்: “அத்தை, அம்மா இருக்கற எடத்துலயும் குளிருமா?”

“நம்ம ஊரைவிட ஜாஸ்தி, கண்ணு.”

அரிசி, பானை, கரி எல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு போன அப்பா, தடிப் போர்வை எதையும் எடுக்கவில்லை. நைவு எழுந்து உள்ளே ஓடினான். தன் போர்வையை மண்ணில் புரள இழுத்து வந்தான். அத்தை அதை வாங்கி உதறி மடித்தாள். தன் தோளில் கிடந்த கம்பளியையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். ஆன்ட்சிராபே போகிற வேன் வர இன்னும் நேரமிருக்கிறது, முதலில் சாப்பிடு என்றாள். நைவு தட்டு நிறையச் சோறு சாப்பிட்டான்.

ஜாடி மேற்கு ஜன்னலுக்குப் போனது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு எட்ட நின்றே அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். பாதி தரையில்தான் விழுந்தது.

சாலையோரம் வேன் நின்றதும், நைவு மூட்டையை ஓட்டுநரிடம் கொடுத்தான். கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“எங்கம்மாகிட்ட சொல்லுங்க,” என்றான். “வெயில் பக்கமா உக்காரச் சொல்லுங்க.”

ஓட்டுநர் சிரிக்கவில்லை. கட்டாயம் சொல்கிறேன் என்றார்.